சருகுக் குவியல் ஏன் சுடுகிறது?

திருகோணமலைக்கு வரும் விருந்தாளிகளைக் கன்னியாவுக்குக் கூட்டிப்போகாமல் யாரும் வழியனுப்புவதில்லை. ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. பெயர் வெந்நீரூற்று என்றாலும் நீர் ஏறத்தாழ 40 பாகை செல்சியஸைச் சுற்றித்தான் நிற்கும். உப்புவெளியிலோ உவர்மலையிலோ ஒரு வீட்டின் பின்வளவில் சருகையும் மாட்டெருவையும் மரக்கறிக் கழிவையும் நெஞ்சளவுக்குக் குவித்து, நனைத்து, மூன்று நாள் விட்டுப் பாருங்கள். நடுவில் நுழைத்த கையை உடனே இழுத்துக்கொள்வீர்கள். அங்கே 60 பாகை இருக்கும்.

கன்னியாவின் சூட்டுக்குக் காரணம் நிலத்தின் ஆழம். மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே கீழே இறங்கி, அங்குள்ள வெப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்ப மேலே வருகிறது. குவியலுக்கு அடியில் இருப்பதோ வெறும் கடற்கரை மணல். வெயிலும் காரணமாக முடியாது. வெயில் மேற்புறத்தைத்தான் சுடவைக்கும். இங்கே மேற்புறம் ஆறியிருக்க நடு கொதிக்கிறது, அதுவும் நடுச்சாமத்திலும் கொதிக்கிறது. யாரும் மூட்டாத இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

கேள்வி பழையது. ஐரோப்பிய விவசாயிகளுக்கு அது பெரும் பயமாகவும் இருந்தது. சரியாகக் காயாத புல்லைக் களஞ்சியத்தில் அடுக்கினால் அது தானாகச் சூடேறும். சில வேளைகளில் தீப்பற்றிக் களஞ்சியத்தையே எரித்துவிடும். இது உயிரில்லாத வெறும் வேதியியல் மாற்றமா, கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் வேலையா? உயிர்களின் வேலை என்று சொல்வதில் ஒரு சங்கடம் இருந்தது. 60 பாகையைத் தாண்டினால் முட்டையின் வெண்கருவே இறுகத் தொடங்கிவிடும். அந்தச் சூட்டில் எந்த உயிர் பிழைக்கும்? 1879 இல் பாரிஸில் பியர் மிக்கேல் என்பவர் செய்ன் ஆற்று நீரிலிருந்து 70 பாகைக்கு மேலும் பெருகக்கூடிய பற்றீரியா ஒன்றைப் பிரித்தெடுத்தார். சூட்டை விரும்பும் இத்தகைய நுண்ணங்கிகளை வெப்பநாடிகள் என்று சொல்லலாம். அவை இருக்கின்றன என்பது தெரிந்தது. குவியலைச் சுடவைப்பவை அவைதானா என்பது தெரியவில்லை. அதைத் தீர்த்தவர் ஜெர்மனியத் தாவரவியலாளர் ஹூகோ மீஹே. 1907 இல் வெளிவந்த அவருடைய ஆய்வு எளிமையானது. ஈரப் புல்லை நுண்ணங்கிகள் சாகும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, மூடிவைத்தார். அது சூடேறவில்லை. அதே புல்லில் நுண்ணங்கிகளைச் சேர்த்தார். சூடேறியது. புல்லும் ஈரமும் காற்றும் இரண்டு தடவையும் ஒன்றுதான். உயிர் மட்டும்தான் வேறுபாடு. ஒரேயொரு காரணியை மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்துப் பார்க்கும் இந்த முறை விஞ்ஞானத்தின் மிக நேர்மையான முறை என்பது என் எண்ணம்.

உயிர் ஏன் சூட்டைத் தரவேண்டும் என்பதற்கு விடை இன்னும் முன்னரே கிடைத்திருந்தது. 1780களின் தொடக்கத்தில் பிரான்சில் லாவோசியரும் லாப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்து, அதன் உடற்சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். அது வெளிவிட்ட காபனீரொட்சைட்டையும் அளந்தார்கள். அதே அளவு காபனீரொட்சைட்டு வருமளவுக்குக் கரியை எரித்தால் எவ்வளவு பனி உருகும் என்று ஒப்பிட்டார்கள். இரண்டும் கிட்டத்தட்டப் பொருந்தின. மூச்சு விடுவது மெதுவாக எரிவது என்ற முடிவுக்கு வந்தார்கள். சருகில் உள்ள காபன் சேர்வைகளை ஒட்சிசனோடு சேர்த்து நுண்ணங்கிகள் உடைக்கும்போதும் அதுவே நடக்கிறது. வெளிப்படும் ஆற்றலில் ஒரு பங்கைத் தங்கள் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்கின்றன. மீதி வெப்பமாக வெளியேறுகிறது. ஒரு பற்றீரியா தரும் வெப்பம் எதற்கும் காணாது. ஒரு பிடி குப்பைக்குள் கோடிக்கணக்கில் இருந்து எல்லாம் ஒன்றாக மூச்சு விட்டால் கை சுடும். நெஞ்சளவு குவித்தது இரண்டு மாதத்தில் முழங்காலளவுக்கு இறங்கிவிடுவதும் இதனால்தான். காணாமற்போன பங்கு நிலத்துக்குள் போகவில்லை, காற்றில் போய்விட்டது.

எல்லாக் குவியலும் இப்படிச் சுடுவதில்லை. வெறும் பூவரசஞ் சருகைக் குவித்தால் ஆறு மாதத்துக்குப் பிறகும் சருகாகவே கிடக்கும். வெறும் மீன் குடலையும் மரக்கறித் தோலையும் குவித்தால் இரண்டு நாளில் அயலவர் மதிலுக்கு மேலால் எட்டிப்பார்ப்பார்கள். இந்த இரண்டுக்கும் இடையில்தான் கூட்டெருவின் முழு இரகசியமும் இருக்கிறது. நுண்ணங்கிக்கும் நம்மைப்போலச் சோறும் வேண்டும், மீன்கறியும் வேண்டும். சோறு காபன், ஓடியாட ஆற்றல் தருவது. மீன் நைதரசன், உடம்பு கட்டுவதற்குத் தேவையான புரதத்தின் மூலப்பொருள். சருகு, வைக்கல், மரத்தூள், தும்புத்தூள் எல்லாம் சோற்றுப் பக்கம். பச்சை இலை, மரக்கறிக் கழிவு, மாட்டெரு, மீன் கழிவு எல்லாம் கறிப் பக்கம்.

எவ்வளவு சோற்றுக்கு எவ்வளவு மீன்? அதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு பற்றீரியாவின் உடம்பைப் பகுத்தால் ஒரு பங்கு நைதரசனுக்கு ஏறத்தாழ 8 பங்கு காபன் இருக்கும். அந்த 8 பங்கையும் உடம்பாக மாற்ற, அதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 16 பங்கு காபனை, அது மூச்சில் எரித்தாக வேண்டும். 8 உம் 16 உம் 24. அதனால்தான் விவசாய நூல்கள் காபன்–நைதரசன் விகிதம் 25 இலிருந்து 30 வரை இருக்கவேண்டும் என்கின்றன. காய்ந்த சருகில் அது 50 ஐ ஒட்டி அல்லது அதற்கும் மேலே இருக்கும். மரத்தூளில் சில நூறு. மரக்கறிக் கழிவில் 20 க்குக் கீழே. மீன் கழிவில் 5 ஐ ஒட்டித்தான். காபன் மிஞ்சினால் உடம்பு கட்ட நைதரசன் இல்லாமல் நுண்ணங்கிகள் பெருகாது; குவியல் தூங்கும். நைதரசன் மிஞ்சினால் மிஞ்சியது அமோனியாவாக வெளியேறி மூக்கை எரிக்கும். அந்த மணம் வந்தால் நம்முடைய செடிக்குப் போகவேண்டிய நைதரசன் காற்றில் பறக்கிறது என்று அர்த்தம். தராசு தேவையில்லை. குசினிக் கழிவு ஒரு கூடை என்றால் சருகு இரண்டு அல்லது மூன்று கூடை. மீன் கழிவு என்றால் அதைவிடப் பல மடங்கு.

இந்தக் கணக்கை முறையாகக் கூட்டெருவுக்குள் கொண்டுவந்த ஊர் நம் அயலில்தான் இருக்கிறது. மத்திய இந்தியாவின் இந்தோரில் 1924 முதல் 1931 வரை அல்பர்ட் ஹவார்ட் தாவர ஆய்வு நிலையமொன்றை நடத்தினார். பருத்திக் கட்டை, கரும்புச் சக்கை, களை என்று வயலில் மிஞ்சியதையெல்லாம் மாட்டெருவோடும் மூத்திரம் ஊறிய மண்ணோடும் மரச் சாம்பலோடும் அடுக்கி, மூன்று தடவை புரட்டி, மூன்று மாதத்தில் எருவாக்கினார். இந்தோர் முறை என்று உலகெங்கும் பேசப்பட்டது இது. 1931 இல் வெளியான நூலில் ஹவார்டின் பெயரோடு அவருடைய சக ஆய்வாளர் யஷ்வந்த் வாடின் பெயரும் இருக்கிறது. பிற்காலக் கதைகளில் அந்த இரண்டாவது பெயர் காணாமற்போனது நியாயமில்லை. இந்திய, சீன விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததைப் பார்த்துக் கற்றதாக ஹவார்டே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

திருகோணமலையில் கறிப் பக்கத்துக்குப் பஞ்சமில்லை. மீன் வெட்டும் இடங்களில் செதிலும் குடலும் தலையும் தினமும் சேர்கின்றன. நைதரசனும் பொசுபரசும் நிறைந்த இதைக் கடலில் கொட்டுவது வீண். நடுக்குவியலில் ஓரடி ஆழத்தில், கீழும் மேலும் மரத்தூளோ சருகோ இட்டுப் புதைத்தால் மணம் வெளியே வராது. நாயும் காகமும் அறியாது. இறால் தோலும் நண்டு ஓடும் மெதுவாக உக்கும், ஆனால் உக்கும். கருவாட்டுக் கழிவை மட்டும் தவிர்க்கலாம்; உப்பு உக்காது, ஆவியாகாது, செடியின் வேரில் போய் நிற்கும். வேலியில் நிற்கும் கிளிசரியா இலையும் நல்ல நைதரசன் மூலம். அவரைக் குடும்பத்து மரம் என்பதால் அதன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பற்றீரியாக்கள் காற்றிலிருந்தே நைதரசனைப் பிடித்துக்கொடுக்கின்றன.

இனிக் காற்றும் தண்ணீரும். நம் ஊரில் பெரும்பாலான குவியல்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். நுண்ணங்கிகள் வாழ்வது சருகைச் சுற்றி ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப் படலத்தில். படலம் காய்ந்தால் வேலை நிற்கும். படலம் தடித்துத் துகள்களுக்கு இடையிலுள்ள வெளியையே நிரப்பிவிட்டால் ஒட்சிசன் உள்ளே போகாது. ஒட்சிசன் காற்றில் பரவும் வேகத்தைவிட நீரில் பரவும் வேகம் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு குறைவு. கடைசி ஒட்சிசனும் தீர்ந்ததும் காற்று வேண்டாத வேறொரு கூட்டம் வேலையைப் பொறுப்பெடுக்கும். அவை ஆற்றலைக் குறைவாகவே எடுக்கத் தெரிந்தவை. அதனால் குவியல் சுடாது. புளித்த அமிலங்களும் அழுகிய முட்டை மணம் வீசும் ஐதரசன் சல்பைட்டும் மெதேனும்தான் வரும். ஆகவே நாற்றம் என்பது கூட்டெருவின் இயல்பு இல்லை. மூச்சுத் திணறும் குவியல்தான் நாறும்.

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வீசும் கச்சான் காற்று மூடாத குவியலை ஒரு வாரத்தில் காயவைத்துவிடும். அந்த மாதங்களில் குவியலைப் பாதி குழிக்குள் வைத்து, கிடுகாலோ வாழையிலையாலோ மூடி, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் தெளிக்கவேண்டும். அரிசி கழுவிய நீரும் மீன் கழுவிய நீரும் போதும். கிணற்று நீரை வீணாக்கத் தேவையில்லை. ஐப்பசியில் வாடை மழை இறங்கியதும் எல்லாம் தலைகீழ். இந்த மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு தை மாதம்வரையிலான சில மாதங்களிலேயே கொட்டித் தீர்க்கிறது. அப்போது குழிக் குவியல் குளமாகிவிடும். மழைக் குவியல் மேட்டில் இருக்கவேண்டும். அடியில் பொச்சுமட்டையோ தடித்த கொப்புகளோ பரப்பிக் காற்றுக்கு வழிவிடவேண்டும். மேலே கூரை வேண்டும். எந்தக் காலத்திலும் பரிசோதனை ஒன்றுதான். நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு சேர்த்துப் புரட்டுங்கள். கை காய்ந்தே இருந்தால் தண்ணீர்.

சிறு வாளியில் எரு செய்பவர்கள் தங்கள் வாளி ஏன் சுடுவதில்லை என்று குழம்புவதுண்டு. வெப்பம் பிறப்பது கன அளவில், வெளியேறுவது மேற்பரப்பில். பெட்டியின் ஒவ்வொரு பக்கத்தையும் இரட்டித்தால் மேற்பரப்பு நான்கு மடங்குதான் கூடும், உள்ளடக்கமோ எட்டு மடங்கு கூடும். ஆகவே பெரிய குவியல் சூட்டைச் சேமிக்கும். வாளி பிறந்த சூட்டையெல்லாம் இழந்துவிடும். மூன்றடிக்கு மூன்றடிக்கு மூன்றடி இருந்தால் நல்ல சூடு நிற்கும். வாளியிலும் எரு உண்டாகும், ஆறுதலாக. களை விதையும் நோய்க் கிருமியும் மட்டும் அதில் சாகா. கழிவுநீர்ச் சேற்றைக் கூட்டெருவாக்க அமெரிக்காவில் உள்ள விதி, திறந்த குவியல் 55 பாகைக்குக் குறையாமல் 15 நாள் இருக்கவேண்டும், அதற்குள் ஐந்து தடவை புரட்டவேண்டும் என்கிறது. புரட்டுவது காற்றுக்காக மட்டுமில்லை. ஓரத்தில் ஆறிக்கிடப்பதும் ஒருமுறை நடுச்சூட்டுக்குள் போய்வரவேண்டும். நோய்வந்த தக்காளிச் செடியை வாளிக்குள் போடாமல் பெரிய குவியலின் நடுவில் போடுவதற்கும் இதுவே காரணம்.

சில வாரங்களில் சூடு தணியும்போது குவியலின் உட்பகுதியில் சாம்பல் தூவியதுபோல வெண்மை தெரியும். பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று பலர் அதை வழித்து எறிவார்கள். அது நல்ல அறிகுறி. பங்கசைப்போல இழை விட்டு வளரும் அக்டினோபற்றீரியா என்ற கூட்டம் அது. மற்றவற்றில் பல தொட முடியாத செலுலோசையும் இறால் தோலின் கைற்றினையும் உடைக்க வல்லது. இந்தக் குடும்பத்தை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து மண்ணியலாளர் செல்மன் வாக்ஸ்மன். உக்கலையும் கூட்டெருவையும் பற்றியும் நிறைய எழுதியவர். அவருடைய ஆய்வுகூடத்தில் 1943 இல் மாணவர் அல்பர்ட் ஷாட்ஸ் இந்தக் கூட்டத்திலிருந்துதான் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். கசநோய்க்கு முதன்முதலாகப் பலன் தந்த மருந்து அது. முதல் மழை விழுந்ததும் எழும் மண்வாசனையும் இவற்றின் சரக்குத்தான். ஜியோஸ்மின் என்ற அந்தப் பொருளை 1965 இல் அதே பல்கலைக்கழகத்தில் பிரித்தறிந்தார்கள். நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான அளவில் இருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். எரு முதிர்ந்ததா என்று அறிய மூக்கைவிட மலிவான கருவி இல்லை. மண்வாசனை வந்து, புரட்டிய பிறகும் மறுபடி சூடேறாவிட்டால் எரு தயார். சந்தேகம் இருந்தால் கொஞ்சத்தை ஈரமாக்கிப் பயறு முளைக்க வைத்துப் பாருங்கள். முதிராத எருவைச் செடிக்கு இட்டால் இலை மஞ்சளாகும். வேலை முடியாத நுண்ணங்கிகள் மண்ணிலுள்ள நைதரசனையும் தங்களுக்கு இழுத்துக்கொள்வதுதான் காரணம்.

நம் கடற்கரை மணலுக்கு இந்த எரு என்ன செய்யும்? மணலில் தண்ணீர் நிற்காது, இட்ட பசளையும் மழையோடு கீழே போய்விடும். உக்கல் நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும். அதுவும் நிலைத்து நிற்பதில்லை. உக்கல் என்பது எளிதில் உடைக்க முடியாத ஒரு தனிப் பொருள் என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. 2015 இல் லேமன், கிளெபர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை இதை மறுத்தது. மண்ணில் காபன் நீடிப்பதற்குக் களித்துகளோடு ஒட்டியும் மண்கட்டிக்குள் மறைந்தும் நுண்ணங்கிக்கு எட்டாமல் இருப்பதே முக்கிய காரணம் என்றார்கள். மணலில் களி குறைவு. நம் வெயிலில் நுண்ணங்கி வேகம் அதிகம். ஆகவே போன வருடம் இட்ட எரு இந்த வருடம் பெரும்பாலும் இருக்காது. ஒவ்வொரு போகத்துக்கும் இடவேண்டும்.

கூட்டெரு பற்றி எழுதிவிட்டு 2021 ஐத் தொடாமல் போக முடியாது. அந்த ஆண்டு மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. நாடே சேதனப் பசளைக்கு மாறும் என்றார்கள். நவம்பரில் தடை விலக்கப்பட்டது; அதற்குள் கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் மூதூரிலும் பெரும்போகம் தொடங்கிவிட்டது. நாடு முழுவதும் நெல் விளைச்சல் படுத்துவிட்டது. ஒரு சிறு கணக்கு அன்றே போட்டிருக்கலாம். 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 46 வீதம் நைதரசன், அதாவது 23 கிலோ. நல்ல கூட்டெருவில் அது ஒரு வீதத்தை ஒட்டி இருக்கும். ஒரு மூடைக்கு ஈடாக 2,300 கிலோ எரு வேண்டும். அதிலும் முதற் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். இதற்கு நடுவே சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றிவந்த கப்பலின் மாதிரிகளில் அர்வினியா என்ற பற்றீரியா இருந்ததாகத் தாவரத் தொற்றுக்காப்புச் சேவை அறிவித்தது. நிறுவனம் மறுத்தது. கப்பல் இறக்கப்படாமலே திரும்பியது. ஆனாலும் 67 இலட்சம் டொலர் கொடுக்கவேண்டி வந்தது. இதையெல்லாம் கண்டு கூட்டெருவே ஏமாற்று என்று முடிவுகட்டுபவர்கள் இருக்கிறார்கள். தவறு எருவில் இல்லை, ஏக்கர் கணக்கான வயலை ஒரே போகத்தில் மாற்ற நினைத்த அவசரத்தில் இருந்தது. பத்து மிளகாய்க் கன்றும் ஒரு பாத்தி கீரையும் இரண்டு முருங்கையும் உள்ள வளவுக்கு வீட்டுக் குவியல் தாராளமாகக் காணும்.

எச்சரிக்கை இரண்டு சொல்லவேண்டும். தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவது உக்கிய குப்பையில்தான். புரட்டும்போது வளைந்து கிடக்கும் கொழுத்த வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். அடுத்தது, எருப் பெட்டியின் மூடியிலும் மூடிய பொலித்தீன் மடிப்பிலும் மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். 2017 இல் கிண்ணியா பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டோம். நகருக்குள் இருப்பவர்களுக்கு வேலியும் தேவை. கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் பழத்தோலுக்கு எந்த முற்றத்துக்கும் வரும். தெருக் குப்பையில் சோற்று மணம் பட்ட பொலித்தீனை விழுங்கி அவை சாவதைவிட, வேலிக்கு வெளியே நின்று ஏமாந்து போவது நல்லது.

மழை மாதங்களில் குசினிக் கழிவு வழமைபோல வரும். காய்ந்த சருகு மட்டும் எங்கும் கிடைக்காது. கார்த்திகையில் குவியல் நாறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். கச்சான் காலத்தில் வேம்பும் பூவரசும் கொட்டும் இலையைக் காலையில் கூட்டி, மதிலோரம் வைத்துக் கொளுத்துகிறோம். இந்த வருடம் கொளுத்தாதீர்கள். பழைய அரிசிச் சாக்கில் அடைத்து, நனையாத இடத்தில் அடுக்கி வையுங்கள். பத்துச் சாக்கு இருந்தால் ஒரு வீட்டின் வாடைக்காலத்துக்குப் பெரும்பாலும் போதும்.